குடைமிளகாய் கணக்கு: 'ஹெல்தி' சாப்பாடு காஸ்ட்லின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

மியூச்சுவல் ஃபண்டும் வருமான வரியும் பேசுற இடத்துல குடைமிளகாய் எங்கிருந்து வந்துச்சுன்னு நினைப்பீங்க. நியாயம்தான். ஆனா உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு மாசத்துக்கு எடுத்துப் பாருங்க. வாடகை, ஊருக்கு அனுப்புற பணம், பைக் இஎம்ஐ, இதெல்லாம் பெரிய தொகை. ஆனா அதுல நீங்க இந்த மாசம் கை வைக்க முடியாது. அதுக்கு நடுவுல 287, 342, 419னு சின்னச் சின்னதா யூபிஐ ஓடும் பாருங்க, அதுல பாதிக்கு மேல சாப்பாடாத்தான் இருக்கும். நீங்க முடிவெடுக்கக்கூடிய செலவுன்னு பாத்தா, மாச பட்ஜெட்ல அதுதான் பெரிய அயிட்டம்.

"அப்போ ஆர்டர் பண்ணாதீங்கன்னு சொல்லப் போறீங்களா?" இல்ல. காபி குடிக்கறதை நிறுத்தினா கோடீஸ்வரன் ஆகலாம்னு சொல்ற கோஷ்டியில நான் கிடையாது. எனக்கு இருக்கிற பிரச்னை வேற. "ஹெல்தியா சாப்பிடணும்னா காசு வேணும் ப்ரோ"ன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்க மனசுல உக்காந்திருக்கு. 25 ஆயிரம் சம்பளம் வாங்கறவர் அதை நம்பி, தினமும் பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும் போதும்னு விட்டுடறார். 60 ஆயிரம் வாங்கறவரும் அதையே நம்பி, ஒரு கிண்ணத்துல கொஞ்சம் கடலையும் காய்கறியும் போட்டு 'ப்ரோட்டீன் பவுல்'னு வந்தா 380 ரூபா கொடுக்கிறார். ரெண்டு பேருமே ஏமாறுறாங்க. அதுவும் அந்த மெனுவுல 'வீகன்'னு ஒரு வார்த்தை சேர்ந்துட்டா விலை இன்னும் ஒரு படி ஏறும்.

இந்த வார வீடியோவுல ஸ்டஃப்டு கேப்சிகத்தை எடுத்ததுக்கு காரணம் இதுதான். மெனு கார்டுல பார்த்தா பணக்கார அயிட்டம் மாதிரி இருக்கும். பிரிச்சுப் பார்த்தா உள்ள இருக்கறது எல்லாம் உங்க தெரு மளிகைக் கடை சரக்கு.

முதல்ல இந்த வீகன் விஷயம். 1944ல இங்கிலாந்துல பிறந்த வார்த்தை அது. பால், தயிர், நெய், தேன், முட்டைன்னு விலங்குகள்கிட்ட இருந்து வர்ற எதுவும் கிடையாது, அவ்வளவுதான் அர்த்தம். நம்ம ஊருல 2022ல எஃப்எஸ்எஸ்ஏஐ வீகன் உணவுக்குன்னு தனி விதிமுறையும் லோகோவும் கொண்டு வந்தாங்க. பாக்கெட் சாப்பாட்டுக்கு அது நல்ல விஷயம், சரியான லேபிள் இருக்கணும். ஆனா உங்க பாட்டி வெச்ச எண்ணெய் கத்தரிக்காய் குழம்புக்கு யாரும் லோகோ ஒட்டல. நல்லெண்ணெய், புளி, வேர்க்கடலை, எள்ளு, தேங்காய். அதுல எதுவும் மாட்டுகிட்ட இருந்து வரல. கத்தரிக்காயை நாலாப் பிளந்து மசாலா அடைக்கத் தெரிஞ்ச ஊருக்கு குடைமிளகாயை அடைக்கிறது புது வித்தையும் இல்ல.

நான் வீகன் கிடையாது. தயிர் சாதத்தை விடற உத்தேசமும் இல்ல. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. ஹோட்டல்ல வர்ற ஸ்டஃப்டு கேப்சிகத்துல உள்ள என்ன இருக்கும்? பனீர், மேல சீஸ், முடிஞ்சா ஒரு ஸ்பூன் கிரீம். மொத்தத்துல விலை ஜாஸ்தியான பொருள் அது மூணும்தான். வீகன்னா அது மூணையும் எடுத்துடறோம். அப்போ விலை குறையணுமா, ஏறணுமா? குறையணும். ஏறுதுன்னா, பனீரை எடுத்துட்டு அதே இடத்துல வீகன் சீஸ், ஆலிவ் ஆயில், கினோவான்னு இன்னும் காஸ்ட்லியான மூணு பொருளை யாரோ உங்களை வாங்க வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். வெளிநாட்டு ரெசிபி வீடியோவைப் பார்த்து லிஸ்ட் எழுதிக்கிட்டு சூப்பர் மார்க்கெட் போறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஒரு டின்னருக்கு 1,400 ரூபா பில். அப்புறம் அந்த தஹினி பாட்டில் ஃபிரிட்ஜ் கதவுல ஆறு மாசம் நிக்கும். எள்ளை வறுத்து மிக்ஸில அரைச்சு எண்ணெய் விட்டா வர்றதுதான் தஹினி, அது வேற கதை.

இப்ப கணக்குக்கு வருவோம்

விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். உங்க ஏரியா விலையைப் போட்டு நீங்களே திருத்திக்குங்க. நான் ரெண்டு பேருக்கு போடறேன். தனியா இருந்தா ராத்திரிக்கும் மறுநாள் மதியத்துக்கும்.

பச்சை குடைமிளகாய் நடுத்தர சைஸ்ல 4, சுமார் 600 கிராம். கிலோ 80ன்னு வெச்சா 48 ரூபா. மீல் மேக்கர் 60 கிராம், 200 கிராம் பாக்கெட் 60 ரூபான்னா இதுக்கு 18. உருளைக்கிழங்கு ஒண்ணு 6, பெரிய வெங்காயம் ஒண்ணு 6, தக்காளி ஒண்ணு 4. வேர்க்கடலை 30 கிராம் 5 ரூபா. எண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன், அதுவும் ஒரு 5 ரூபா. இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை, மசாலாத் தூள் எல்லாம் சேர்த்து 15. கேஸ் 8ன்னு தாராளமாவே போடுங்க. மொத்தம் 115. ஆறு சப்பாத்திக்கு 200 கிராம் கோதுமை மாவு 12 ரூபா. ஆக 127. தலைக்கு 64 ரூபான்னு வெச்சுக்கலாம்.

மீல் மேக்கருக்கு பதிலா 200 கிராம் பனீரும் கொஞ்சம் சீஸும் போட்டா அந்த 115 ரூபா 200ஐத் தாண்டிடும். வீகனா பண்ணதாலதான் இது சீப்.

பச்சை, சிவப்பு, மஞ்சள் பத்தி ஒரு வரி. பச்சையா இருக்கறதைச் செடியிலேயே பழுக்க விட்டாதான் சிவப்பு. கூடுதல் நாள் செடியில நிக்கணும், பெரும்பாலும் பாலி ஹவுஸ்ல வளர்க்கணும், அந்தச் செலவுதான் விலையில தெரியுது. சிவப்புல விட்டமின் சி கூட இருக்கும், உண்மை. ஆனா பச்சையிலயே 100 கிராமுக்கு சுமார் 80 மில்லிகிராம் இருக்கு. வேகும்போது அதுல ஒரு பங்கு போயிடும்னாலும், தட்டுல ஆளுக்கு 300 கிராம் காய் இருக்கே. போட்டோவுக்காக மூணு கலர் வாங்காதீங்க.

இதையே ஆப்ல ஆர்டர் பண்ணா எப்படி இருக்கும்? ஒரு மாதிரி பில் போடறேன். டிஷ் 280, பேக்கிங் 20, அதுக்கு மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி 15, டெலிவரி 35, பிளாட்ஃபார்ம் கட்டணம் 15. ஆக 365. ரொட்டி தனி. ஹோட்டல்காரர் ஆப்புக்கு கமிஷன் கட்டணும்கிறதால, நேர்ல போய் சாப்பிட்டா இருக்கற விலையை விட ஆப்ல மெனு விலையே கூட இருக்கறதும் சகஜம். கூப்பன் போட்டு 60 ரூபா குறைஞ்சாலும் வீட்டு விலைக்கு கிட்டயே வராது.

வித்தியாசம் தலைக்கு 300 ரூபா. வாரத்துக்கு ஒரு தடவை மாத்தினா மாசம் 1,200.

"என் ஒரு மணி நேரத்தோட மதிப்பு தெரியுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உக்காந்தேன். ஃபைனான்ஸ் வீடியோ நாலு பார்த்தவங்க எல்லாரும் இதைச் சொல்றாங்க. "என் சம்பளத்தை மணிக்கணக்குல பிரிச்சா 200 ரூபா வருது. முக்கால் மணி நேரம் சமைச்சா 150 ரூபா நஷ்டம். ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் ப்ரோ!"

சரி, அவங்க வழியிலேயே போவோம். மாசம் 40 ஆயிரம், 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம். மணிக்கு 200 ரூபா சரிதான். முக்கால் மணி நேரத்துக்கு 150. ரெண்டு பிளேட்டுக்கு மிச்சம் 600. கழிச்சாலும் 450 கையில நிக்குது. அவங்க கணக்குப்படியே சமையல் ஜெயிச்சாச்சு.

ஆனா அந்தக் கணக்கோட அடித்தளமே தப்பு. ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்டுன்னா, அந்த நேரத்தை வேற எங்கயாவது விக்க வழி இருக்கணும். நீங்க மாசச் சம்பளக்காரர். ராத்திரி 8 மணிக்கு சமைக்காம இருந்தா கம்பெனி உங்களுக்கு 150 ரூபா கூடக் கொடுக்கப் போறதில்ல. ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, அந்த நேரத்துல நிஜமாவே ஒரு வேலையை முடிச்சு பில் போடறவங்க, இந்த வாதத்தைப் பேசலாம். மத்தவங்களோட முக்கால் மணி நேரம் எங்க போகுதுன்னு அவங்க ஃபோன்ல ஸ்க்ரீன் டைம் பார்த்தாலே தெரிஞ்சுடும். ஆர்டர் பண்றதும் சும்மா நடக்கல. எதை வாங்கறதுன்னு தேடறதுக்கு 15 நிமிஷம், "ரைடர் ஆன் த வே"ன்னு மேப்பைப் பார்த்துக்கிட்டு 40 நிமிஷம்.

இன்னொண்ணும் சொல்லணும், கொஞ்சம் கசக்கும். இந்த மணி நேரக் கணக்கை நாம நம்ம நேரத்துக்கு மட்டும்தான் போடறோம். 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு நாளுக்கு சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க. செய்யற ஆண்களுக்கு அது 97 நிமிஷம். கிட்டத்தட்ட 5 மணி நேரம் எங்க, ஒன்றரை மணி நேரம் எங்க. உங்களை வளர்த்து பி.இ. படிக்க வெச்ச வீட்டுல அம்மா அடுப்பு முன்னாடி நின்ன நேரத்துக்கு யாராவது ரேட் போட்டாங்களா? அதுதான் அந்தக் குடும்பத்தோட பெரிய சேமிப்பே. வாடகை வீட்டுல, ஒரு சம்பளத்துல, ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வெச்ச காசு அந்த அடுப்புல இருந்துதான் மிச்சமாச்சு. கல்யாணம் ஆனவங்களுக்கு இது நேரடியாப் பொருந்தும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல 'வீட்டுச் சாப்பாடு சீப்'னு சொல்றதுக்கு முன்னாடி, யாரோட நேரத்துல சீப்னு ஒரு தடவை கேட்டுக்குங்க. இந்த ரெசிபியை நான் இளைஞர்களுக்குன்னு சொல்றப்போ பசங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சரி, செய்முறை

வீடியோவுல பாதியை ஃபாஸ்ட் ஃபார்வர்டு பண்ணிட்டோம், அதனால இங்க நிதானமா.

ஓவன் வேண்டாம். ஓடிஜி வாங்கணும்னு ஆரம்பிச்சீங்கன்னா மேல போட்ட கணக்கு மொத்தமும் காலி. அடி கனமான கடாய், இல்லன்னா நான்ஸ்டிக் பேன், ஒரு மூடி. அது போதும்.

மீல் மேக்கரை உப்பு போட்ட கொதிநீர்ல 10 நிமிஷம் ஊற வைங்க. பச்சைத் தண்ணியில அலசி, நல்லாப் பிழியுங்க. ரெண்டு தடவை பிழிஞ்சாதான் அந்த ஒரு மாதிரி சோயா வாடை போகும். மிக்ஸில பல்ஸ்ல ரெண்டு சுத்து விட்டா கொத்துக்கறி மாதிரி உதிரியா வரும். அரைச்சு மாவாக்கிடாதீங்க. அது ஊறுற நேரத்துல வேர்க்கடலையை வறுத்து, ஒரு ஸ்பூன் எள்ளோட கொரகொரன்னு பொடிச்சு வைங்க. உருளைக்கிழங்கை குக்கர்ல போட்டுடுங்க.

கடாயில ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். சோம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், கொஞ்சம் கரம் மசாலா. இதுவரைக்கும் நீங்க எல்லாக் குருமாவுக்கும் பண்றதுதான். மீல் மேக்கரைப் போட்டு தண்ணி சுண்டற வரைக்கும் வதக்குங்க. இங்க அவசரப்படக் கூடாது. ஈரம் இருந்தா, அடைச்சு வேக வைக்கும்போது உள்ள இருந்து தண்ணி விட்டு, ஸ்டஃப்டு கேப்சிகம் குழம்பு ஆயிடும். கடைசில மசிச்ச உருளைக்கிழங்கு. ஒண்ணே ஒண்ணு, சேர்த்துப் பிடிக்கறதுக்கு மட்டும். நாலு கிழங்கு போட்டா அது போண்டா மசாலா, அதுக்கு நேரா டீக்கடைக்கே போயிடலாம். வேர்க்கடலைப் பொடியில பாதி, கொத்தமல்லி, உப்பு.

குடைமிளகாயை மேல மூடி மாதிரி வெட்டி நிக்க வைக்கறது படத்துக்கு அழகு. கடாயில அது சாயும், ஒரு பக்கம் கருகும். நெட்டுவாக்குல ரெண்டாப் பிளந்துடுங்க, படகு மாதிரி எட்டுத் துண்டு வரும். விதையை எடுத்துட்டு, உள்பக்கம் துளி உப்பு தடவுங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க, அப்புறம் உள்ள இருக்கறது ருசியாவும் வெளிய இருக்கறது சப்புன்னும் இருக்கும். ஸ்டஃபிங்கை அழுத்தி அடைச்சு, மேல மிச்ச வேர்க்கடலைப் பொடியைத் தூவுங்க. சீஸ் செய்யற வேலையை அது செய்யும்.

மிச்ச எண்ணெயை விட்டு, தோல் பக்கம் கீழ இருக்கற மாதிரி அடுக்கி, ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி, சின்ன தீயில 12 முதல் 15 நிமிஷம். தோல்ல அங்கங்க கருப்புப் புள்ளி விழணும், காய் குழையக் கூடாது. மூடியைத் திறந்து, கவனமா கவுத்துப் போட்டு ரெண்டு நிமிஷம். எலுமிச்சை பிழிஞ்சு இறக்குங்க. எலுமிச்சையை அடுப்புல இருக்கும்போது பிழியாதீங்க, கசக்கும்.

சத்துக் கணக்கும் பார்த்துடுவோம். மீல் மேக்கர்ல பாதிக்கு மேல புரதம். ஆளுக்கு 30 கிராம் மீல் மேக்கர், 15 கிராம் வேர்க்கடலை, மூணு சப்பாத்தி, எல்லாம் சேர்ந்தா சுமார் 30 கிராம் புரதம் வருது. ஐசிஎம்ஆர் 2020ல சொன்ன அளவு ஆணுக்கு நாளைக்கு 54 கிராம், பெண்ணுக்கு 46. அதுல பாதிக்கு மேல ஒரே வேளையில. குடைமிளகாயோட விட்டமின் சி, சோயாவுல இருக்கற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கறதுக்கும் உதவும். பி12 மட்டும் இதுல கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் வீகனா சாப்பிடறவங்களுக்கு அது பிரச்னை இல்ல. முழுசா வீகனா மாறப் போறவங்க டாக்டரைக் கேட்டு மாத்திரையையும் பட்ஜெட்ல சேர்த்துக்குங்க.

யாருக்கு இது சரிப்படாது?

பிஜியில இண்டக்ஷன் ஸ்டவ்கூட விடமாட்டாங்கன்னா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல. ஹாட் வாட்டர் கெட்டில்ல பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வீடு பார்க்கும்போது, அறை வாடகையோட 'சமையலறை இருக்கா'ங்கிறதையும் ரூபாயில மதிப்புப் போட்டுப் பாருங்க. ஓஎம்ஆர் பக்கம் மூணு பேர் சேர்ந்து ஃபிளாட் எடுத்தா, ஆளுக்கு ஆயிரம் ரூபா வாடகை கூட ஆகலாம். அந்த ஆயிரம் எத்தனை நாள்ல திரும்பி வரும்னு மேல இருக்கற கணக்கே சொல்லும்.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க, ரெண்டு மணி நேரம் பஸ்ல தொங்கிட்டு வர்றவங்க, அன்னிக்கு ஆர்டர் பண்ணுங்க. சமையலைத் தண்டனையா மாத்தினா ரெண்டு வாரம்கூட ஓடாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டஃபிங்கை மட்டும் டபுளா பண்ணி வைங்க. மூடி போட்ட டப்பாவுல ஃபிரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். திங்கள் ராத்திரி அதையே தோசைக்குள்ள வெச்சு சுருட்டிக்கலாம்.

முதல் தடவை 115 ரூபாய்ல முடியாது, அதையும் தெரிஞ்சுக்குங்க. மீல் மேக்கர் முழு பாக்கெட், மசாலா டப்பாங்க, அரை லிட்டர் எண்ணெய்ன்னு வாங்கணும், ஒரு 400 ரூபா ஆகிடும். மூணாவது தடவையிலதான் 115 நிஜமாகும். ஒரே தடவை பண்ணிட்டு விட்டுட்டீங்கன்னா ஆர்டரே பண்ணியிருக்கலாம்.

மாசம் 1,200 மிச்சம்னு சொன்னேன் இல்லையா? அது தானா எங்கயும் போய்ச் சேராது. அக்கவுன்ட்லயே இருந்தா சனிக்கிழமை சினிமாவுல கரைஞ்சுடும். சமைச்ச அன்னிக்கு ராத்திரியே 300 ரூபாயை வேற ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. மாசக் கடைசில அதுல 1,000 எஸ்ஐபிக்கு, 200 ரூபா உங்க ஆசைக்கு. மாசம் 1,000, பத்து வருஷம், வருஷத்துக்கு 10 சதவீதம் கிடைச்சதுன்னு வெச்சா, போட்ட 1,20,000 சுமார் 2,06,000 ஆகும். கிடைக்கும்னு கேரன்ட்டி இல்ல, மார்க்கெட் அது. வாழ்க்கையை மாத்தற தொகையும் இல்ல. ஆனா எமர்ஜென்சி ஃபண்டே இல்லாத ஆளுக்கு முதல் வருஷத்துல சேர்ற 14,400 ரூபா பெரிய விஷயம். எஸ்ஐபி அப்புறம், முதல்ல அதை அங்க போடுங்க. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா அதுக்கும் முன்னாடி அதை அடைங்க.

உழவர் சந்தை பக்கத்துல இருந்தா காலைல போயிடுங்க, பேரம் பேச வேண்டியதில்ல, விலை போர்டுலயே எழுதியிருக்கும். குடைமிளகாய் கிலோ 120ஐத் தாண்டியிருந்தா அந்த வாரம் அதைத் தொடாதீங்க. பெரிய கத்தரிக்காயை ரெண்டாப் பிளந்து சதையைக் கொஞ்சம் தோண்டிட்டு, அதே ஸ்டஃபிங்கை அடைங்க. தோண்டின சதையையும் வதக்கும்போது உள்ளயே போட்டுடலாம். வேக ஒரு 5 நிமிஷம் கூட ஆகும்.